அழாத குழந்தைக்கு முதல் பரிசு

கண்டக்டரம்மாவுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்கிறவர்களை ஒரு நாள் அவள் வண்டியில் பையை மாட்டி நிறுத்த வேண்டும். காலை வண்டியில் ஆட்களை மூட்டை மாதிரி திணித்துக்கொண்டு, இறங்க மறந்தவனை இறக்கிவிட்டு, படியில் தொங்குகிறவனை உள்ளே தள்ளி, தூங்குவது போல நடிப்பவனை உலுக்கி டிக்கெட் கொடுக்க வேண்டுமென்றால் வாயைக் குட்டையாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் குரலுக்கு டிரைவரே பயப்படுவார். விசில் இருந்தாலும் பாதி நேரம் அது தேவைப்படாது.

அவள் வண்டி காலனியில் கிளம்பி, கம்பெனி கேட்டைத் தொட்டு, மார்க்கெட் வழியாக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் முடியும். கம்பெனி என்றால் அணு உலை. அந்த ஊரில் உலை என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. சோறு போடுகிற இடத்தை அப்படிச் சொல்லக் கூடாதாம். வேலை என்றால் கம்பெனி வேலை, வீடு என்றால் கம்பெனி வீடு, காய்ச்சல் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரி. அவள் புருஷனும் கம்பெனி கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். நல்ல மனுஷன்தான். மேலதிகாரி இருமினால் இவன் மூச்சை அடக்கிக்கொள்வான், அது ஒன்றுதான் குறை.

கண்டக்டரம்மாவுக்குக் கம்பெனி என்றாலே ஆகாது. கேட் ஸ்டாப்பில் ஏறும் அதிகாரிகள் கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கிக் காட்டி, "ஸ்டாஃப்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். "இது என்ன உங்க கம்பெனி வண்டியா? டிக்கெட் எடுங்க" என்று அவள் போடும் சத்தத்தில் அட்டை சட்டைக்குள் போய்விடும். அவர்களில் ஒருவர்மேல் அவளுக்குத் தனி இளக்காரம். ஊருக்கு விளக்கம் சொல்வதற்கென்றே கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருந்த அதிகாரி அவர். சங்கு ஊதினால் வருவார், புகை வந்தால் வருவார், குளத்தில் மீன் செத்து மிதந்தால் வருவார். வந்து, தொண்டையைச் செருமி, "ஒண்ணுமில்ல" என்பார். அதனால் ஊரில் அவருக்கு ஒண்ணுமில்ல என்றே பெயர்.

அவள் நாலாம் மாசக் கர்ப்பமாக இருந்தபோது அது நடந்தது. மதிய வண்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கம்பெனிப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது, கூடவே தூறலும் வந்தது. ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாத வண்டி அது. எல்லோரும் நனைந்தார்கள். படியில் நின்றிருந்த கண்டக்டரம்மா தொப்பலாக நனைந்தாள். சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய வேன் தெருத்தெருவாக வந்தது. வெறும் நீராவிதான், யாரும் பீதி அடைய வேண்டாம், ஒண்ணுமில்ல.

மறுநாள் காலையில் அவள் வண்டிக்கு எதிரே கம்பெனி வேன்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் திரை இழுத்து விட்டிருந்தது. ஒரு திரை காற்றில் விலகியபோது உள்ளே அதிகாரிகளின் பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லன்னா இவங்க எங்கய்யா ஓடுறாங்க?" என்று அவள் வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். வண்டியில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பாதிப் பேர் கம்பெனி ஆட்கள், மீதிப் பேர் கம்பெனி ஆட்களுக்குச் சொந்தக்காரர்கள். எல்லோருக்கும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருந்தது. தூ, இவர்களையெல்லாம் நம்பி ஒரு ஊர்!

அயோடின் மாத்திரை என்று ஒன்று உண்டாம். காற்றில் நஞ்சு வந்த உடனே சாப்பிட்டால், கழுத்தில் இருக்கும் சுரப்பி நல்ல அயோடினால் நிறைந்துகொண்டு கெட்டதை உள்ளே விடாதாம். அந்த மாத்திரை அதிகாரிகள் குடியிருப்புக்கு அன்று மாலையே போயிருக்கிறது. ஊருக்கு வந்தபோது அன்று நனைந்த சட்டை காய்ந்து, துவைத்து, மடித்து, மறுபடி அழுக்காகியும் விட்டது. ஒண்ணுமில்ல அதை மேடை போட்டுக் கொடுத்தார். வீடு எரிந்து முடிந்த பிறகு ஒரு குடம் தண்ணீரை மாலை போட்டுக் கொண்டுவந்து தந்த மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊரை சமாதானப்படுத்த வேண்டுமே! கம்பெனிக்குச் சொந்தமாக மாட்டுப் பண்ணை இருந்தது. கர்ப்பிணிகளுக்கெல்லாம் தினமும் கூடுதல் பால் இலவசம் என்று அறிவித்தார்கள். எந்த அறிவாளிக்கு இந்த யோசனை உதித்ததோ! தூறல் விழுந்த புல்லை மேய்ந்த அதே மாடு, அதே பால். ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

கண்டக்டரம்மா கம்பெனிப் பந்தலில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதவள். ஆனால் வீட்டில் நாத்தனார் இருந்தாள். புருஷனின் அக்கா. கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டோடு இருந்துகொண்டு, கம்பெனிப் பால் பூத்தில் வேலை பார்த்தவள். தம்பி வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது என்றதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. காலையும் மாலையும் டம்ளரோடு வந்து நிற்பாள்.

"எனக்கு வேணாம் அண்ணி. அவங்க கையால வந்தது எதுவும் எனக்கு வேணாம்."

"உனக்கு யாரு குடுத்தா? என் மருமகனுக்குக் குடுக்கறேன். நீ சும்மா வாயைத் திற."

"மருமகன்னு யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும். குடி."

அண்ணியின் முகத்தைப் பார்த்துக் குடித்தாள். வாழ்நாளில் கம்பெனியை அவள் நம்பியது அந்த டம்ளர் விஷயத்தில் மட்டும்தான்.

அந்த வருஷம் காலனியில் சில பெண்களுக்குக் கரு தங்கவில்லை. பக்கத்து வரிசையில் ஒருத்திக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்றார் ஒண்ணுமில்ல. அப்படிச் சொல்லும்போது அவர் கையில் ஒரு பூங்கொத்து இருந்தது. அதையும் அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போனார், மகானுபாவர்.

கண்டக்டரம்மாவுக்குப் பையன்தான் பிறந்தான். நல்ல எடை. கம்பெனி ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அந்த வருஷம் அதை நிறுத்திவிட்டார்கள். ஊசியைப் பார்த்தால் தாய்மார்கள் பயப்படுகிறார்களாம். அடேயப்பா, என்ன கரிசனம்!

பையன் அழவே மாட்டான். பசித்தாலும் சிணுங்கலோடு சரி, அதுவும் தொண்டை கட்டின குரலில். பால் குடிக்கும்போதே தூங்கிவிடுவான். தட்டி எழுப்பி, கன்னத்தைக் கிள்ளிக் குடிக்க வைக்க வேண்டும். முகம் உப்பி, இமை தடித்து, தொப்புள் துருத்திக்கொண்டு, தொட்டால் சில்லென்று இருப்பான். நாக்கு நுனி எப்போதும் வெளியே தெரியும். பிறந்த மஞ்சள் வாரக்கணக்காகப் போகவில்லை. வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள். காட்டினார்கள்.

"இவ்ளோ சமத்தா ஒரு புள்ளையை நான் பாத்ததே இல்ல" என்பாள் நாத்தனார்.

"அம்மா மாதிரி இல்ல, என்னை மாதிரி" என்று புருஷன் மெல்லச் சொல்லிக்கொண்டு சந்தோஷப்பட்டான். வீட்டில் தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று அவனுக்கு நினைப்பு. தெருவே வந்து பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக் கத்தல்களைத் திட்டிவிட்டுப் போனது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தது. ஊரில் குழந்தைகளுக்கு ஏதோ ஆகிறது என்று வெளியூரில் பேச்சு கிளம்பியிருந்தது. பேச்சை மடக்க வேண்டும். பந்தல், பலூன், போட்டோகிராபர், எல்லாம் தடபுடல். திரை போட்ட வேனில் ஓடிப்போன அதே பெண்டாட்டிமார்கள் திரும்பி வந்து, கம்பெனி டாக்டரோடு நீதிபதிகளாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டரம்மா டியூட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மற்ற குழந்தைகள் பலூனைப் பார்த்து வீறிட்டன. நீதிபதி அம்மாள் தூக்கியதும் ஒன்று அவள் பட்டுச் சேலையை நனைத்தது. இவன் மட்டும் உப்பிய கன்னத்தோடு, நாக்கை நீட்டிக்கொண்டு, யார் தூக்கினாலும் மூட்டை மாதிரி கிடந்தான். "பாருங்க, எவ்ளோ ஆரோக்கியம், எவ்ளோ அமைதி!" என்று ஒண்ணுமில்ல ஒலிபெருக்கியிலேயே சொன்னார். முதல் பரிசு இவனுக்கு. இரண்டாம் பரிசு, காலனிக் கடைசி வீட்டுத் தையல்காரியின் பெண் குழந்தைக்கு. அதுவும் இவனைப் போலவே சமத்து.

சாயங்காலம் கண்டக்டரம்மா வீட்டுக்கு வந்தபோது அலமாரி மேலே கோப்பை பளபளத்தது. நாத்தனார் சிரித்த சிரிப்பில் வாய் காதுவரை போயிருந்தது. கண்டக்டரம்மா பையைக் கூடக் கழற்றாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை யாரு குடுத்தது?"

"யாரு குடுப்பா? கம்பெனிதான். முதல் பரிசு!"

பேருந்தில் ஒரு டிக்கெட் எடுக்க மனசு வராதவர்கள், மாத்திரையைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஊருக்குப் போட்டவர்கள், என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக் கோப்பை கொடுக்கிறார்களா? அவர்களுக்குப் பிடித்த மாதிரி என் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? அவள் தொட்டிலருகே போனாள். எங்கள் வம்சத்தில் அமைதியாகப் பிறந்தது யார்? அவளுடைய அப்பா சந்தையில் ஏலம் கூவினவர். அம்மா பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள்.

விசிலை எடுத்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நெஞ்சு முட்ட ஊதினாள்.

சமையலறையில் புருஷன் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டான். தெருவில் நாய் குரைத்தது. "உனக்கென்ன பைத்தியமா?" என்று நாத்தனார் காதைப் பொத்தினாள். பையன் உடம்பு தூக்கிப்போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ பெரிய பாரத்தைத் தூக்குவது போல இமையைத் திறந்தான். அவளைப் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டான்.

"இது சமத்து இல்லண்ணி" என்றாள் கண்டக்டரம்மா. அவள் குரல் அவ்வளவு தணிந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டர் கோட்டு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தபடியே சிரித்தார். "பரிசு வாங்கின குழந்தைக்கு டெஸ்ட்டாம்மா? நேத்து என் கையாலதான மார்க் போட்டேன்." அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் இருந்த கண்ணாடிக் குண்டு அவர் மண்டைக்குப் போயிருக்க வேண்டியது. கையில் பிள்ளை இருந்ததால் டாக்டர் தப்பித்தார்.

வெளியாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றதும் புருஷன் வெலவெலத்துப் போனான். "வெளிய போய் காட்டினா கம்பெனியைச் சந்தேகப்படுறோம்னு ஆயிடும். என் வேலைக்கு உலை வெச்சுடாத" என்றான்.

"வேலை போனா என் வண்டியைத் துடைக்க வா. புள்ளை போனா என்ன பண்ணுவ?"

போகிற வழியில் தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே மெஷின் பக்கத்தில் இரண்டாம் பரிசுக் கோப்பை. கீழே விரிப்பில் அந்தப் பெண் குழந்தை, அதே உப்பிய முகம், அதே நாக்கு.

"உன் பொண்ணையும் தூக்கிட்டு வா. பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடலாம்."

தையல்காரி முகம் சுருங்கியது. "என் பொண்ணுக்கு என்னக்கா குறை? நேத்துதான பரிசு குடுத்தாங்க? உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருந்தால் வந்திருப்பாளோ என்னவோ. கண்டக்டரம்மாவுக்குப் பொறுமை என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாது. "அப்போ அந்தக் கப்பைத் துடைச்சுத் துடைச்சு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தினமும் வண்டி திரும்புகிற அதே வாசல்தான். உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. குழந்தைகள் டாக்டர், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்த ஒரு பெண்மணி, பையனைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாக்கைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், குதிகாலில் குத்தினார். அதற்குக் கூட அவன் சரியாக அழவில்லை. முடிவு வந்தபோது கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. உடம்பு வளர, மூளை வளர அதுதான் வேணும். உங்க பையனுக்கு அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதனாலதான் இந்தத் தூக்கம், இந்த வீக்கம், இந்த அமைதி எல்லாம்."

"பொறக்கும்போதே இல்லையா?"

"உங்க ஊர் எதுன்னு பாத்தேன். அந்த நீராவி வந்தப்போ எத்தனாம் மாசம் நீங்க?"

"நாலு."

டாக்டர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். "அந்த மாசத்துலதான் வயித்துக் குழந்தையோட சுரப்பி அயோடினை இழுக்க ஆரம்பிக்கும். நல்லதா கெட்டதான்னு அதுக்குத் தெரியாது. உங்க சுரப்பி பெருசு, தாங்கிக்கிச்சு. அவனோடது கடுகளவு. பால் ஏதாவது குடிச்சீங்களா அப்போ?"

கண்டக்டரம்மா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"இந்த ஒரு குழந்தைக்கு அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. எதுவுமே நடக்காத ஊர்லயும் சில குழந்தைங்களுக்கு இப்படி வரும். ஆனா உங்க ஊர்ல இருந்து இன்னும் யாராவது இருந்தா உடனே வரச் சொல்லுங்க. தினம் ஒரு மாத்திரை, பொடிச்சுக் குடுக்கணும், ஆயுசுக்கும். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம். ஆனா இப்பவாவது வந்தீங்க. இன்னும் தள்ளிப்போனா மூளைக்குப் போனது திரும்பி வராது."

திரும்பி வந்ததும் நேராகத் தையல்காரியிடம் போனாள். இந்தத் தடவை கெஞ்சினாள். ஆனால் அவளுக்கு முன்னாலேயே செய்தி ஊருக்குள் வந்து, ஒண்ணுமில்லவும் அங்கே போயிருந்தார். கண்டக்டர் குடும்பத்தில் அது பரம்பரைக் கோளாறு, அதை மறைக்கக் கம்பெனிமேல் பழி போடுகிறாள் என்று சொல்லிவிட்டிருந்தார். தையல்காரியின் புருஷனுக்கு அந்த மாதம்தான் கம்பெனியில் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டரோ, தாமதமாக வளரும் குழந்தைகளும் உண்டு என்று தையல்காரியின் பெண்ணுக்குச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். சத்து மருந்து! இவர் எங்கே படித்தார் என்று யாராவது விசாரிக்க வேண்டும்.

மாத்திரையைத் தினமும் பொடித்துக் கொடுத்தது நாத்தனார்தான். டாக்டர் பாலைப் பற்றிக் கேட்டது தெரிந்ததிலிருந்து பால் பூத் வேலைக்கு அவள் போகவில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டக்டரம்மா கூடச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீக்கம் மெல்ல வடிந்தது. உடம்பில் சூடு வந்தது. ஒரு காலை, பால் வர ஒரு நிமிஷம் தாமதமானதும் பையன் முஷ்டியை மடக்கிக்கொண்டு வீறிட்டான். தொண்டை கிழிகிற மாதிரி, அடுத்த வீட்டுக் கதவு திறக்கிற மாதிரி. நாத்தனார் அவனைத் தூக்காமல் தரையில் உட்கார்ந்து, "அழுடா, என் ராசா, நல்லா அழு" என்று தானும் அழுதாள்.

பையனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. நகரத்து டாக்டரிடம் காட்டும் நாளில் நாத்தனார் அவனைத் தூக்கிக்கொண்டு கண்டக்டரம்மாவின் வண்டியிலேயே வருவாள். அப்படி ஒரு நாள், கேட் ஸ்டாப்பில் ஒண்ணுமில்ல ஏறினார். கார் பட்டறையில் நிற்கிறதாம். அட்டையைத் தூக்கி, "ஸ்டாஃப்" என்றார்.

"இன்னும் இந்த வண்டியை உங்க கம்பெனி வாங்கல. டிக்கெட் எடுங்க."

எடுத்தார். பையனுக்குப் பல் முளைக்கிற நேரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று வண்டி அதிரக் கத்திக்கொண்டிருந்தான். ஒண்ணுமில்ல நெற்றியைத் தடவினார். "குழந்தையைக் கொஞ்சம் அமைதிப்படுத்தக் கூடாதாம்மா?"

கண்டக்டரம்மா அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"அமைதியா இருந்தப்பதான் கப்பு குடுத்தீங்களே சார். இப்ப அழுவுறான். இதுக்கு என்ன குடுப்பீங்க?"

வண்டியில் யாரோ சிரித்தார்கள். முன்பு ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர்கள் இப்போது அவரைப் பார்த்தார்கள். ஒண்ணுமில்ல வாயைத் திறந்தார், அவருக்குப் பழக்கமான அந்தச் சொல் கூட வரவில்லை. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டார். இறங்குகிறவர் முதுகைப் பார்த்துக் கண்டக்டரம்மா விசிலை ஓங்கி ஊதினாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

அந்த வேகத்திலேயே பின்பக்கம் வந்தாள். கடைசிக்கு முந்தின சீட்டில் தையல்காரி. மடியில் அவள் பெண், தலை தோளில் சாய்ந்து, கை இரண்டும் தொங்கியபடி. அவளுக்கும் வயது ஒன்று தாண்டியாயிற்று. இன்னும் உட்காரவில்லை என்று தெருவில் பேச்சு. தையல்காரி எப்போதும் மார்க்கெட்டில் நூல் வாங்க இறங்குகிறவள்.

"மார்க்கெட்டா?" என்றாள் கண்டக்டரம்மா, குரலில் இன்னும் அந்த வெற்றி இருந்தது.

தையல்காரி நிமிரவில்லை. "இல்லக்கா. கடைசி ஸ்டாப்."

கண்டக்டரம்மாவின் கை டிக்கெட் கட்டின் மேல் அப்படியே நின்றது.

"ரொம்ப லேட்டாயிடுச்சாக்கா?"

அவள் தையல்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடுகிற வண்டியில் கண்டக்டரம்மா உட்கார்ந்து அந்த ஊர் பார்த்ததில்லை. முன்னால் பையன் மறுபடி வீறிட்டான். அந்தச் சத்தத்துக்குத் தையல்காரியின் பெண் மெல்ல, மிக மெல்ல, இமையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொஞ்சமும் தொந்தரவு கொடுக்காமல், மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியல" என்றாள் கண்டக்டரம்மா. "நான் உள்ள வரைக்கும் கூட வரேன்."